அதே ஃபைலை மறுபடியும் போடாதீர்கள்

கனடா ஸ்டடி பர்மிட் ரிஜெக்ட் ஆன மறுநாளே பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே யோசனைதான் வந்து சேருகிறது. "காலேஜை மட்டும் மாத்தி உடனே ரீ-அப்ளை பண்ணிடலாம், இந்த இன்டேக்கை விட்டா அப்புறம் கஷ்டம்." சொல்கிறவர் கன்சல்டன்சிக்காரர். அவருக்குக் கல்லூரியிடமிருந்து கமிஷன் வர இன்னொரு வாய்ப்பு. நமக்கு இன்னொரு 150 கனடா டாலர் செலவு, கையைவிட்டுப் போகிற சில மாதங்கள், இனி பல நாடுகளுக்கு விண்ணப்பிக்கும்போதும் சொல்லியே ஆக வேண்டிய இன்னொரு மறுப்பு. என் தம்பி விஷயத்தில் இப்படியே அடுத்தடுத்து மறுப்புகள் வந்து, கடைசியில் நாங்களே உட்கார்ந்து ஃபைலை முதலிலிருந்து தயாரித்த பிறகுதான் விசா கிடைத்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மறுப்புக் கடிதம். அதைப் படித்து எதுவும் புரியாது. குடிவரவு விதிகளின் 216(1) பிரிவைக் குறிப்பிட்டு, படிப்பு முடிந்ததும் நீங்கள் கனடாவை விட்டுக் கிளம்புவீர்கள் என்பதில் எனக்குத் திருப்தி இல்லை என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே, உங்கள் பயணத்தின் நோக்கம், உங்கள் நிதி நிலை, குடும்பப் பிணைப்பு என்று ரெடிமேடாக வைத்திருக்கும் காரணங்களில் ஒன்றிரண்டு. ஊரில் யாருக்கு மறுப்பு வந்தாலும் கடிதம் ஏறக்குறைய இதேதான். இதை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது? "நிதி நிலை" என்றால் பணம் போதவில்லை என்கிறார்களா, பணம் எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை என்கிறார்களா? இரண்டுக்கும் பதில் வேறு வேறு. பணம் போதவில்லை என்று நினைத்து இன்னும் பத்து லட்சத்தைக் கணக்கில் போட்டால், சந்தேகம் இன்னும் அதிகம்தான் ஆகும்.

உண்மையான காரணம் அதிகாரி தன் கணினியில் எழுதி வைத்த குறிப்பில் இருக்கிறது. ஜிசிஎம்எஸ் நோட்ஸ் என்று சொல்வார்கள். கனடாவில் குடியுரிமையோ பிஆரோ (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) உள்ள ஒருவர், அல்லது அங்கே இருக்கிற யாராவது, நாம் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தோடு அந்த நாட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டி விண்ணப்பித்தால் வாங்கிவிடலாம். அப்பாவின் நண்பர் மகன் கால்கரியில் இருக்கிறார், அவர் வாங்கிக் கொடுத்தார். சட்டப்படி 30 நாளில் தர வேண்டும் என்றாலும் கூடுதலாகவும் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை இறுதியிலிருந்து ஸ்டடி பர்மிட் மறுப்புக் கடிதங்களோடு அதிகாரியின் குறிப்பையும் சேர்த்து அனுப்ப ஆரம்பித்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தோடு அது வந்திருந்தால் கன்சல்டன்சிக்கு ஃபோன் செய்வதற்கு முன்னால் அதைப் படியுங்கள்.

தம்பியின் குறிப்பு அரைப் பக்கம்கூட இல்லை. அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஏற்கெனவே பி.இ. மெக்கானிக்கல் முடித்து வேலையில் இருப்பவர் ஏன் அதைவிடக் கீழான நிலையில், வேறு துறையில் ஒரு டிப்ளமோ படிக்க வேண்டும் என்று புரியவில்லை. வங்கிக் கணக்கில் ஸ்டேட்மென்ட் எடுப்பதற்குச் சற்று முன் ஒரு பெரிய தொகை வரவாகியிருக்கிறது, அதற்கு விளக்கம் இல்லை. செலவை ஏற்கும் தந்தையின் வருமானத்துக்கு ஆதாரம் போதவில்லை. அவ்வளவுதான். படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, ஆறுதலாகத்தான் இருந்தது. மூன்றுக்குமே எங்களிடம் உண்மையான பதில் இருந்தது. ஆனால் அதில் ஒன்றுகூட ஃபைலில் இல்லை. கல்லூரி பெயரை மாற்றி அதே ஃபைலை மறுபடியும் போட்டபோது இன்னொரு அதிகாரி அதே மூன்று கேள்விகளில் வந்து நின்றார். வேறு எங்கே போய் நிற்பார்?

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அமெரிக்காவுக்கு என்றால் சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் இருக்கும் துணைத் தூதரகத்தில் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஆளை நேரில் பார்க்கிறார்கள், வாயைத் திறந்து ஒரு பதிலாவது சொல்லலாம். கனடாவுக்குப் பெரும்பாலும் நேர்காணலே கிடையாது. காகிதம் மட்டும்தான் பேசும். அதிகாரிக்கு ஒரு ஃபைலுக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள், அதோடு மாகாணத்திடமிருந்து பிஏஎல் என்ற சான்றுக் கடிதம் வேண்டும் என்றார்கள். 2024 நவம்பர் 8 அன்று இந்திய மாணவர்கள் நம்பியிருந்த எஸ்டிஎஸ் என்ற விரைவு வழியையும் மூடிவிட்டார்கள். முன்பு ஐஎல்டிஎஸ் மார்க், ஜிஐசி (வாழ்க்கைச் செலவுக்காகக் கனடா வங்கியில் முன்கூட்டியே போடும் வைப்புத்தொகை), ஒரு வருடக் கட்டணம் கட்டிய ரசீது மூன்றும் இருந்தால் பெரும்பாலும் நடந்துவிடும் என்று சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி. இப்போதும் அதையே சொல்கிறவர் பழைய பாடத்தை ஒப்பிக்கிறார்.

சரி, பணத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான், அதுவும் பணம் இல்லாமல் இல்லை.

எங்களுடையது பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, அதனால் அப்பாவின் ஐடி ரிட்டர்னைப் பார்த்தால் ஏதோ சின்ன வருமானம் உள்ள மனிதர் மாதிரி இருக்கும். காய் வியாபாரி தோப்புக்கே வந்து எண்ணி ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போவார். அம்மா பெயரில் சீட்டு இருக்கும், நகை இருக்கும். இதில் எதுவும் ஒட்டாவாவிலோ வேறெங்கோ உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. கன்சல்டன்சி இதற்குச் சொன்ன வழி, சொந்தக்காரர் யாரிடமாவது வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுங்கள் என்பது. தாய்மாமா எட்டு லட்சம் போட்டார். அதிகாரிகள் கேட்பது கடந்த நான்கு மாத ஸ்டேட்மென்ட். மூன்றரை மாதம் இருபதாயிரம் முப்பதாயிரம் என்று போய்வந்த கணக்கில் திடீரென்று எட்டு லட்சம் நின்றால் அது யார் கண்ணையும் உறுத்தும். தென்னையே தெரியாத ஊர்க்காரர் கண்ணை உறுத்தாதா?

மறுபடி ஃபைல் செய்தபோது இதை வேறு மாதிரி செய்தோம். கொப்பரையில் ஒரு பகுதியை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்தான் போடுவோம், அந்தப் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். அந்த ரசீதுகளையும், அதே தேதிகளில் கணக்கில் வந்த வரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். காய் வியாபாரியிடமும் அப்பா பேசி, இனிமேல் கணக்கிலேயே போடச் சொல்லிவிட்டார். அவரும் ஒன்றும் மறுக்கவில்லை. பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, தாசில்தார் கொடுத்த வருமானச் சான்று, எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரம். தமிழில் இருக்கும் பட்டாவை அப்படியே ஸ்கேன் செய்து போட்டுவிட்டு, சொத்து ஆதாரம் கொடுத்தாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் அது வெறும் படம்தான். இவ்வளவுக்கும் மேலே ஒரு பக்கத்தில் சுருக்கமாக எழுதினோம்: இத்தனை ஏக்கர், இத்தனை மரம், வருடத்துக்கு இத்தனை வெட்டு, வாடல் நோய் வந்து போன பகுதி போக மீதி இவ்வளவு வருமானம், இந்தியச் சட்டப்படி விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் ரிட்டர்னில் இது வரிக்குரிய வருமானமாகத் தெரியாது. தோப்பை நேரில் பார்க்காத ஒருவருக்கு அது ஒரு தொழில் என்று புரிய வேண்டும், அதுதான் குறி.

அப்புறம் கல்விக்கடன். தோப்பை அடமானம் வைத்தால் முடிந்தது என்று அப்பா நினைத்தார். பல வங்கிகள் விவசாய நிலத்தைக் கல்விக்கடனுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளத் தயங்கும், ஏனென்றால் கடன் திரும்பாவிட்டால் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் விவசாய நிலத்தைக் கையகப்படுத்த முடியாது. இது தெரியாமல் மாதக்கணக்கில் கிளைக்கு நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாமாவிடம் டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் உள்ள மனை ஒன்று இருந்தது. எட்டு லட்சம் ரொக்கம் போட்ட அதே மாமா இந்த முறை அந்த மனையை ஈடாகக் கொடுத்தார். வங்கி வக்கீல் பத்திரங்களைப் பார்த்து ஒப்பீனியன் கொடுத்து, கடன் சாங்ஷன் ஆனது. அதே மனிதர், அதே உதவி. முதலில் சந்தேகமாகத் தெரிந்தது, இப்போது வங்கி லெட்டர்ஹெட்டில் ஆதாரமாக நின்றது. மாமாவுக்கு நாங்கள் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

தொகை எவ்வளவு காட்ட வேண்டும் என்பதையும் பழைய பேப்பரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தனி ஆளுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவு என்று பல வருடம் 10,000 டாலர் இருந்தது, 2024 ஜனவரி 1 முதல் 20,635 ஆனது, 2025 செப்டம்பர் 1 முதல் 22,895. இது படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் போக. ரூபாயில் ஏறக்குறைய 14, 15 லட்சம் வரும். இந்த எண்ணைச் சரியாகத் தொட்டு நிறுத்தாமல், இரண்டாம் வருடம் எப்படிச் சமாளிப்போம் என்பதையும் காட்டினால் நல்லது.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். தம்பி கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறான், பம்புக்கான வார்ப்படங்கள் செய்யும் இடம். அவனுக்கு உண்மையிலேயே பிடித்த வேலை அது. வீட்டுக்கு வந்தால் ப்ளோ ஹோல் பற்றித்தான் பேசுவான். வெளியே பார்த்தால் வார்ப்படம் பளிச்சென்று இருக்கும், மெஷினிங்குக்குப் போய் மேல்தோல் போன பிறகு உள்ளே ஊசிமுனை அளவு ஓட்டைகள் தெரியும், அந்த பீஸ் மட்டுமில்லை, அதற்கான கரண்ட், மெஷின் நேரம் எல்லாம் வீண். உலோகம் அச்சுக்குள் எப்படிப் பாய்கிறது, எங்கே முதலில் உறைகிறது என்று கணினியில் முன்கூட்டியே பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும், அதை முறையாகப் படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. இப்படிப்பட்டவனை "சீக்கிரம் சீட் கிடைக்கும்" என்று புராஜெக்ட் மேனேஜ்மென்ட் டிப்ளமோவில் சேர்த்திருந்தார்கள். எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதம்) என்று அவர்கள் கொடுத்ததில் கனடாவின் உலகத்தரமான கல்வி, பன்முகக் கலாசாரம், பாதுகாப்பான சூழல் என்று இரண்டு பக்கம். ஃபவுண்டரி என்ற சொல்லே இல்லை. அதிகாரி ஏன் நம்ப வேண்டும்? அதைப் படித்தால் அக்கா எனக்கே அது என் தம்பி என்று தெரியவில்லை.

புதிய கடிதத்தை அவனையே தமிழில் பேசச் சொல்லி, நான் எழுதிக்கொண்டு, பிறகு இருவருமாக ஆங்கிலத்தில் எழுதினோம். படிப்பையும் மாற்றினான், மெட்டீரியல்ஸ் பொறியியலில் முதுநிலை, அரசுப் பல்கலைக்கழகம். அதற்கு அட்மிஷன் வாங்கக் கூடுதல் காலம் ஆனது, ஒரு இன்டேக் போனது, போகட்டும் என்று விட்டோம். கடிதத்தில் ப்ளோ ஹோல் கதை முதல் பத்தி. இங்கேயே கோயம்புத்தூரில் எம்.இ. படிக்கலாமே என்ற கேள்வி வரும் என்று தெரியும், அதனால் அதை மறைக்காமல் நாங்களே எழுப்பி, அந்தப் படிப்புகளின் பெயரைச் சொல்லி, கனடாவில் எந்தெந்தப் பாடங்களும் ஆய்வகங்களும் வேறாக இருக்கின்றன என்று எழுதினான். முதலாளியிடம் போய்க் கேட்டான். திரும்பி வந்தால் புராசஸ் பிரிவில் எடுத்துக்கொள்வேன் என்றும், என்ன பொறுப்பு என்றும் அவர் தன் கைப்படத் திருத்தி லெட்டர்ஹெட்டில் கொடுத்தார்.

அந்தக் கடிதம் கிடைத்ததற்கு ஒரே காரணம் அவன் வேலையை விடவில்லை என்பதுதான். இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் போலிருக்கிறது. விசா கைக்கு வரும் முன் ராஜினாமா செய்யாதீர்கள். மறுப்புக்கு மேல் மறுப்பு வந்து, வேலையும் இல்லாமல், கேப் வருடமும் கூடிக்கொண்டே போனால் அடுத்த ஃபைலில் அதற்கும் விளக்கம் எழுத வேண்டியிருக்கும். சம்பளச் சீட்டும் பிஎஃப் கணக்கும் தொடர்ந்து ஓடினால் நமக்கு ஊரில் ஒரு பிடிமானம் இருக்கிறது என்று அவையே சொல்லும்.

திரும்பி வருவீர்களா என்பதைப் பற்றி ஒரு சின்ன விஷயம். பிஆர் ஆசை இருப்பதாகத் தெரிந்தாலே மறுத்துவிடுவார்கள் என்று பயந்து சிலர் கடிதத்தில் "ஒருநாளும் தங்க மாட்டேன்" என்று சத்தியம் செய்கிறார்கள். அங்குள்ள குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவின்படி, நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் ஒருவருக்கு இருக்கிறது என்பது மட்டுமே தற்காலிகமாக வருவதற்குத் தடையில்லை, அனுமதிக்காலம் முடிந்ததும் கிளம்புவார் என்று அதிகாரி நம்பினால் போதும். சத்தியம் வேண்டாம். திரும்பி வருவதற்கு ஊரில் என்ன இருக்கிறது என்று காட்டுங்கள்.

முந்தைய மறுப்புகளை மறைக்கலாமா என்று கேட்டு எனக்கு வரும் மெயில்கள்தான் என்னை அதிகம் பயமுறுத்துகின்றன. கூடவே கூடாது. கனடாவுக்கோ வேறு எந்த நாட்டுக்கோ விசா மறுக்கப்பட்டிருக்கிறதா என்று படிவத்திலேயே கேள்வி இருக்கிறது. கைரேகை கொடுத்தாகிவிட்டது, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளோடு தகவல் பரிமாற்றமும் இருக்கிறது. "இல்லை" என்று டிக் செய்து மாட்டினால் அதே குடிவரவுச் சட்டத்தின் 40-வது பிரிவு, ஐந்து வருடத் தடை. மறுப்பு ஒரு குற்றம் இல்லை, எத்தனை தடவை வந்தாலும் மறுபடி விண்ணப்பிக்கத் தடையும் இல்லை. மறைத்ததுதான் குற்றம். நாங்கள் மறுப்புகளைத் தேதியோடு பட்டியலிட்டு, அதிகாரி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இந்த ஃபைலில் எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது என்று தனியாக ஒரு விளக்கக் கடிதம் வைத்தோம். என் கணக்கில் அந்த ஒரு கடிதம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வேலை செய்தது.

இதோடு சேர்ந்தது, ஐஆர்சிசி (கனடாக் குடிவரவுத் துறை) தளத்தில் இருக்கும் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பது. கன்சல்டன்சி தன் மெயில் ஐடியில் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டைத் தராமல், என்ன போட்டார்கள் என்றே நமக்குத் தெரியாமல் போட்டுவிடுவார்கள். பொய்யான ஆவணம் உள்ளே போனால் தண்டனை மாணவனுக்குத்தான். போலி அட்மிஷன் கடிதங்களோடு கனடா போன இந்திய மாணவர்கள் 2023-இல் நாடுகடத்தப்படும் நிலைக்கு வந்ததை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அதற்குப் பிறகு அந்த வருடம் டிசம்பரிலிருந்து ஒவ்வொரு அட்மிஷன் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு உங்கள் பிரதிநிதியாகச் செயல்பட லைசென்ஸ் உள்ள ஆலோசகர், அங்குள்ள வக்கீல் போன்றவர்களுக்குத்தான் உரிமை. உங்கள் ஊர் கன்சல்டன்சிக்காரர் அப்படிப்பட்டவரா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் ஃபைலைக் கொடுக்காதீர்கள்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்றும் சிலர் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மறுப்புக்கு 60 நாளுக்குள் அங்குள்ள ஃபெடரல் கோர்ட்டில் மனுப் போடலாம். ஸ்டடி பர்மிட் வழக்குகளை விரைவாக முடிக்க 2024 அக்டோபரில் ஒரு சோதனைத் திட்டமும் தொடங்கினார்கள். ஆனால் கோர்ட் விசா தராது, ஜெயித்தால் வேறு அதிகாரி மறுபடி பார்ப்பார், அவ்வளவுதான். நீங்கள் கொடுத்த ஆதாரத்தை அதிகாரி கண்டுகொள்ளவே இல்லை என்றால் அது நல்ல வழி. ஆதாரமே கொடுக்காமல் போட்ட ஃபைலுக்கு வக்கீல் ஃபீஸ் தண்டம்.

வீட்டில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். முதல் மறுப்புக்கு எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அதற்கு அடுத்ததிலிருந்து கல்யாண வீடுகளில் "பையன் எப்பக் கிளம்பறான்" என்ற கேள்வியின் தொனியே மாறியது. தம்பி விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அம்மா ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்துவிட்டு வந்தார், நியாயம் கேட்கிறவர்கள் போகும் இடம் அது. எனக்கு அவனைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு அதிகாரி அரைப் பக்கம் எழுதியதை, தன்னைப் பற்றியே எழுதிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் குறிப்பை அவன் கையில் கொடுத்து, இதில் உன்னைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறது, காகிதத்தைப் பற்றித்தானே எழுதியிருக்கிறது என்று வரி வரியாகக் காட்டிய பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிள்ளைகள் இப்படி இருக்கும் வீடுகளில் பெரியவர்கள் தயவுசெய்து அந்தக் குறிப்பை வரவழைத்துச் சேர்ந்து படியுங்கள்.

எல்லோரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படிப்பு முடிந்தபின் வேலை அனுமதி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் ஏதோ ஒரு டிப்ளமோவுக்குப் போகிறவர்கள் நின்று யோசிக்கலாம். 2024 நவம்பர் 1-க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களில் டிப்ளமோ, சான்றிதழ் படிப்புக்காரர்களுக்கு, குறிப்பிட்ட துறைகளில் படித்தால்தான் அந்த அனுமதி. வீட்டை விற்றுத்தான் இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட முடியும் என்றால் அதிகாரியின் சந்தேகம் நியாயமானது, அதை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுப்பு வந்த வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலைகள் சில. கல்லூரிக்கு மறுப்புக் கடிதத்தை அனுப்பி, கட்டணத்தைத் திரும்பக் கேட்பதா அடுத்த இன்டேக்குக்குத் தள்ளிப்போடுவதா என்று முடிவு செய்யுங்கள், இரண்டுக்குமே கல்லூரிகள் கடைசித் தேதி வைத்திருக்கின்றன. ஜிஐசி பணத்தையும் அந்தக் கடிதத்தைக் காட்டித் திரும்ப வாங்கலாம். பயோமெட்ரிக்ஸ் (கைரேகை, புகைப்படப் பதிவு) பத்து வருடம் செல்லும், அதற்கான 85 டாலரை மறுபடி கட்டச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

எனக்கு எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். "எந்த காலேஜ் போடலாம் அக்கா" என்று ஆரம்பிக்காதீர்கள். அதிகாரியின் குறிப்பை வாங்கி, பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பெயர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படித்து, எனக்குத் தெரிந்த வரைக்கும் பதில் எழுதுகிறேன்.